நாலாம் தொட்டிக்கு வந்த சீர்

கல்யாணமாகி ரொம்ப நாள் குழந்தை இல்லாதவர்களுக்கு எங்கள் ஊர் வளர்ப்புக் கொட்டகையில் தொட்டி கொடுப்பார்கள். எங்களுக்கு நாலாம் தொட்டி கிடைத்தது. சிமெண்டுத் தொட்டி. முழங்கால் உயரம். மேலே ஓலைக் கூரை. எறும்பு ஏறாமலிருக்கச் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர். அடியில் செங்கல் ஜல்லி, அதன்மேல் மணல், அதன்மேல் தென்னை நார்க்கழிவும் மக்கிய இலையும் ஆறின சாணமும். அதன்மேல் நானும் என் மனைவி செண்பகவல்லியும். எங்கள்மேல் ஈரச் சாக்கு.

மண்புழுக்கள் எங்களுக்கு முன்பே குடியிருந்தன. அவை எங்களை ஒன்றும் சொல்லவில்லை. வாடகை வீட்டில் இருந்தபோது கீழ்வீட்டு அம்மாள் என் மனைவியின் வயிற்றைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அதற்கு இது எவ்வளவோ மேல்.

தொட்டியில் கணவனுக்கு ஒரே வேலை. ஈரம் பார்ப்பது. படுக்கையில் ஒரு கை அள்ளிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் ஒரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் மூச்சு முட்டும். ஒன்றும் வராவிட்டால் தோல் காயும். எனக்கு இது கைவந்துவிட்டது. முன்பு நான் பார்த்த எந்த வேலையிலும் எவனும் என்னை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இங்கே என் ஒரு சொட்டைப் பார்க்கப் பக்கத்துத் தொட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வளர்ப்பு அதிகாரி எஸ்தர் மேடம் தினமும் காலையில் வருவார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவார். சில நாள் என் கால் அகப்படும். சில நாள் புழு அகப்படும். இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார்.

“இருட்டு போதுமா?”

“போதும் மேடம்.”

“புழுக்கம்?”

“இல்ல மேடம்.”

“சண்டை?”

“நேத்து சாயங்காலம் கொஞ்சம்.”

“அது பரவாயில்ல. காய்ஞ்சு போகாமப் பாத்துக்கிடுங்க.”

சந்தோஷமாக இருக்கிறோமா என்று நீங்கள் கேட்பதே இல்லையே என்று செண்பகவல்லி ஒருநாள் கேட்டுவிட்டாள். அது வளர்ப்புச் சூழலில் வராது என்று மேடம் சொன்னார். ஈரம், இருட்டு, இடம். இந்த மூன்றும்தான் அவருடைய பொறுப்பு.

இடம் என்ன செய்யும் என்பதற்கு எங்களுக்கு இரண்டு பக்கமும் சாட்சி இருந்தது. ஐந்தாம் தொட்டியில் தாணுமாலயன் அண்ணாச்சி குடும்பம். அவரும் மனைவியுமாகத்தான் வந்தார்கள். பிறகு தம்பிமார் வந்தார்கள். தம்பி பெண்டாட்டிகள் வந்தார்கள். ஒரு சித்தப்பா வந்தார். ஆள் கூடக் கூட அவர்கள் சிறுத்தார்கள். வந்த புதிதில் அண்ணாச்சி என்னைவிட உயரம். இப்போது டம்ளர் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு காப்பி குடிக்கிறார். ஆனால் அங்கே வாரம் தவறாமல் ஒரு குழந்தை பிறந்தது. ரவை அளவுக்கு இருந்தது. இருந்தாலும் குழந்தை குழந்தைதான். அழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

“ஒங்களுக்கென்ன தம்பி, ரெண்டு பேருக்கு ஒரு தொட்டி. இங்க திரும்பிப் படுக்கணும்னா எங்க சித்தப்பாகிட்ட கேக்கணும்” என்பார் அண்ணாச்சி.

மூன்றாம் தொட்டியில் ஒருவர் மட்டும். அவர் பெயரை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் வளர்ந்துகொண்டே இருந்தார். தோள் ஒரு சுவரிலும் முழங்கால் எதிர்ச்சுவரிலும் முட்டியது. சாக்கு அவருக்கு வயிறு வரைதான் எட்டும். விவசாயக் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாக வந்து அவரைத் தொட்டுப் பார்ப்பார்கள். நல்ல மினுமினுப்பு என்பார்கள். அவர் நன்றி சொல்வார். தனியாக இருப்பது நன்றாக வளரும், ஆனால் பெருகாது என்று மேடம் அவர்களுக்கு விளக்குவார். அப்போது தொட்டிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மழைக்காலம் முடியும் சமயம் செண்பகவல்லியின் கழுத்தைச் சுற்றி, பருவம் வந்த புழுவுக்கு இருப்பதுபோல, வெளிறிய பட்டை ஒன்று தடித்தது. கொஞ்ச நாளில் என் கழுத்திலும் தடித்தது. ஆம்பளைக்கும் வருமா என்று மேடத்திடம் ரகசியமாகக் கேட்டேன். இங்கே வந்தால் எல்லாருக்கும் வரும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். வெட்கமாகத்தான் இருந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டேன். செண்பகவல்லி சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

என் பட்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் பட்டை நெகிழ்ந்தது. ஒருநாள் மத்தியானம் அதைக் கழுத்துமாலையைக் கழற்றுவதுபோலத் தலைவழியாக மெதுவாகக் கழற்றினாள். கைக்கு வந்ததும் இரண்டு முனையும் மூடிக்கொண்டு எலுமிச்சம்பழம் மாதிரி ஆயிற்று. வெளிர் மஞ்சள். உள்ளே ஏதோ ஒன்று புரண்டது.

“நம்ம பிள்ள” என்றாள்.

அவள் அதைத் தொட்டியின் மூலையில், படுக்கைக்கு அடியில், கைப்பள்ளம் செய்து வைத்தாள். மேடம் வந்து தடவிப் பார்த்தார். முட்டைக்கூடு, நல்ல கூடு என்றார். வெளிச்சத்துக்குக் கொண்டுவரக் கூடாது, காயக் கூடாது, சூடு ஆகக் கூடாது, அவ்வளவுதான் என்றார். அன்றிலிருந்து நான் காலையிலும் மாலையிலும் நடுவிலும் பிழிந்து பார்த்தேன். ஒரு சொட்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு. கூட்டின் மேல் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. நான் அதற்கு ஈரம் பார்க்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போதே கற்றுக்கொண்டால் நல்லது என்று எனக்குப் பட்டது.

சேதி என் மாமியாருக்கு எட்டியது. சேதி எட்டினால் சீர் வரும். அது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

என் மாமியார் பேர் ஆவுடைத்தாய். ஒரு மாடு வைத்திருக்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அந்த மாட்டோடுதான் பேச்சுவார்த்தை. அவர் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். பின்னால் சொந்தக்காரப் பெண்கள் தட்டு தட்டாக ஏந்தி வந்தார்கள். ஒரு தட்டில் கண்ணாடி வளையல். ஒரு தட்டில் புளியோதரை. மாமியார் தலையில் பெரிய பனையோலைக் கூடை. கூடையைச் சுற்றி மல்லிகைப்பூ. நடுவில் குங்குமம். கூடையிலிருந்து ஆவி பறந்தது.

அது புதுச் சாணம். மாடு போட்டதும் அள்ளியது.

சாணத்தை நிழலில் பரப்பி, நாள்கணக்கில் கிளறிக் கிளறி ஆறவிட்டுத்தான் தொட்டியில் போட வேண்டும். ஆறாததைப் போட்டால் அது உள்ளே வெந்து சூடேறும். இது தொட்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். மாமியார் தொட்டிக்காரர் இல்லை. அவர் சமைப்பவர். வாழ்நாள் முழுக்கச் சுடச்சுடப் பரிமாறியவர்.

நான் மரியாதையாகத்தான் சொன்னேன். அத்தை, இதை நிழலில் வைத்துவிட்டுப் போங்கள், கொஞ்ச நாள் ஆறட்டும், பிறகு நானே போடுகிறேன் என்றேன்.

வளையல் தட்டுக்காரி தட்டைக் கீழே வைத்தாள். மாமியார் கூடையை இறக்கவில்லை.

“எங்க வீட்டுச் சீர ஆறப்போடச் சொல்லுதியளா மாப்ளே?”

“அதுக்கில்ல அத்தை. சூடு ஆகாது.”

“பிள்ளத்தாச்சிக்கு ஆறிப்போனதையா குடுப்பாவ? எந்த ஊர்ல எவ குடுப்பா?”

சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் எவளும் கொடுக்க மாட்டாள் என்றார்கள். ஐந்தாம் தொட்டியில் அண்ணாச்சி குடும்பமே டம்ளரில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எஸ்தர் மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் வந்து கூடைக்கு மேல் கையை நீட்டி ஆவியைப் பார்த்தார். புறங்கை சிவந்தது. ஈரம், இருட்டு, இடம் மூன்றும்தான் தன் பொறுப்பு, தீனி பெண்வீட்டார் பொறுப்பு, தான் அதில் தலையிட முடியாது என்றார். நீங்கள்தானே சூடு ஆகக் கூடாது என்று சொன்னீர்கள் என்றேன். ஆகக் கூடாதுதான் என்றார். மூன்றாம் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் தொட்டிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

செண்பகவல்லி என் தோளைத் தொட்டாள். “அம்மா ஆசையா தூக்கிட்டு வந்திருக்கா. கழுத்தப் பாருங்க, எப்படிக் கன்னிப் போயிருக்குன்னு. மேலாப்புல கொஞ்சம் போட்டுக்கிடுவோம். ஒண்ணும் ஆவாது.”

அவளுக்கு வளைகாப்பு வேண்டும். எத்தனையோ பேர் வளைகாப்புக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டு வந்தவள். என்னால் அதற்கு மேல் குறுக்கே படுத்திருக்க முடியவில்லை. எழுந்தேன். அவள் கை நிறைய வளையல் அடுக்கினார்கள். மாமியார் கூடையைக் கவிழ்த்தார். மேலாப்பில் கொஞ்சம் என்று எதுவும் கிடையாது. சீரை யாரும் அரைக்கூடை வைக்க மாட்டார்கள். முழுக் கூடையும் விழுந்தது. பிள்ளை இருக்கும் மூலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கேதான் குவித்தார். அதற்குத்தானே கொண்டுவந்தது.

நான் ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். எல்லாரும் புளியோதரை சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது.

முதலில் கிளம்பியவை புழுக்கள். சாக்கின் ஓரம் வழியாக வெளியே வந்தன. சுவரில் ஏறின. இறங்கின. எறும்புக்கு விட்டிருந்த தண்ணீரில் விழுந்தன. ஒன்றும் அவசரப்படவில்லை. வரிசையாகப் போய் வரிசையாக விழுந்தன. மாமியார் சீர் பிடித்திருக்கிறதா என்று அவற்றிடம் கேட்டார்.

நான் கையைத் தொட்டிக்குள் விட்டேன். எடுத்துவிட்டேன். அடுப்பில் வைத்த பானைக்குள் விட்டதுபோல இருந்தது. ஒரு கை அள்ளிப் பிழிந்தேன். ஆவி வந்தது. சொட்டு வரவில்லை.

செண்பகவல்லி ஏற்கனவே உள்ளே போய்விட்டிருந்தாள்.

நான் தோண்டினேன். முழங்கால் உயரத் தொட்டி அது. தோண்டத் தோண்ட இடுப்பளவு ஆயிற்று. பிறகு கழுத்தளவு. பிறகு நான் உள்ளே இறங்கி நடந்தேன். இரண்டு பக்கமும் சாணச் சுவர் புகைந்தது. நடை நீண்டுகொண்டே போயிற்று. வளையல் சத்தம் முன்னால் கேட்டது. நான் விரைவாக நடந்தால் அது தள்ளிப்போயிற்று. நின்றால் நின்றது. செண்பகம், செண்பகம் என்று கத்தினேன். என் வாய்க்குள் சூடு புகுந்தது.

அடியில் மணல் வந்தபோது அவள் இருந்தாள். கூட்டை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். மேலே கொண்டுபோகலாம் வா என்றேன்.

“வெளிச்சத்துக்குக் கொண்டாரக் கூடாதுன்னு சொல்லிருக்காவல்லா” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு பேருமாக விசிறினோம். கூடு மஞ்சளிலிருந்து சிவந்தது. சிவப்பிலிருந்து காப்பி நிறத்துக்கு வந்தது. நான் காதை வைத்துப் பார்த்தேன். முதலில் கொப்பளிக்கும் சத்தம் இருந்தது. பிறகு மெல்லத் தட்டும் சத்தம். பிறகு நான் காதை எடுக்கவே இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்து விசிறிக்கொண்டே இருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள்.

விசிறுவதை அவளே நிறுத்தினாள்.

மேலே வந்தபோது தொட்டி மறுபடி முழங்கால் உயரம்தான். கூட்டை வெளிச்சத்தில் வைத்தோம். இனி வைக்கலாம். சுருங்கிப்போன பாக்கு மாதிரி இருந்தது. நான் அழுதேன். ஆட்கள் முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் அழுதேன். எஸ்தர் மேடம் வந்து, படுக்கையின்மேல் குனிந்து அழச் சொன்னார். ஈரம் குறைந்திருக்கிறது என்றார்.

மாமியார் கூட்டை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். விரலால் உருட்டினார். சூடு இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“நல்லாத் தின்னுச்சா?” என்று என்னிடம் கேட்டார்.

நான் அவரைத் திட்ட நினைத்தேன். என்னென்ன வார்த்தை சொல்ல வேண்டும் என்று கூட வரிசையாக வைத்திருந்தேன். அவர் கழுத்து கன்னிப்போய் இருந்தது. தின்றது அத்தை என்றேன். அவர் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, காலிக் கூடையை எடுத்துத் தன் தலையில் தோள்வரை கவிழ்த்துக்கொண்டார். சொந்தக்காரப் பெண்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அவர் மட்டும் கூடைக்குள்ளேயே இருந்தார். பூ காய்ந்து உதிர்ந்தது. அப்போதும் இருந்தார்.

செண்பகவல்லி வளையல்களைக் கழற்றித் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டாள். என்னை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவளைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் தொட்டியின் இரண்டு மூலையில் படுத்தோம். சண்டை உண்டா என்று மேடம் கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது.

அடுத்த வாரம் செண்பகவல்லி தனித் தொட்டி கேட்டாள்.

“ஏன்?” என்றேன்.

“ஒங்களப் பாத்தா அது தட்டுன சத்தம் கேக்கு” என்றாள். “நீங்கதான கேட்டிய. நான் கேக்கலையே. எனக்கு ஒங்க மூஞ்சியிலதான் கேக்கு.”

மேடம் உடனே கொடுத்துவிட்டார். கொட்டகையின் கடைசித் தொட்டி. அவளை ஈரச் சாக்கில் பொதிந்து கொண்டுபோனார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒரு தொட்டியில் ஒருவர் மட்டும் இருந்தால் அது தனித் தொட்டி. எனக்கும் கிடைத்துவிட்டது.

வெயில் ஏறிய ஒருநாள் அவளுக்குச் சாக்கு நனைத்துக் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். அவளுக்கு ஈரம் பார்க்கத் தெரியாது. ஒன்று தண்ணீரை அதிகமாக ஊற்றிவிடுவாள், இல்லாவிட்டால் காயவிட்டுவிடுவாள். சாக்கை நன்றாக நனைத்து, சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு நடந்தேன். தொட்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு தொட்டியிலும் ஒருவர். ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கொட்டகை முடியவில்லை. சாக்கு காய்ந்து விறைத்தது. திரும்பி வந்து நனைத்துக்கொண்டு மறுபடி போனேன். ஒவ்வொரு தடவையும் தொட்டிகள் கூடிக்கொண்டுதான் இருந்தன. ஒரு தடவை தூரத்தில் ஒரு விக்கல் கேட்டது. அவளாக இருக்கலாம். அதன்பிறகு என்னால் போக முடியவில்லை. எழுந்து நிற்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டேன்.

கழுத்துப் பட்டை மறைந்துவிட்டது. துண்டு தேவையில்லை. என் தோள் ஒரு சுவரில் முட்டுகிறது, முழங்கால் எதிர்ச்சுவரில் முட்டுகிறது. கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். தொட்டுப் பார்த்து நல்ல மினுமினுப்பு என்கிறார்கள். நான் நன்றி சொல்கிறேன். பிறகு மேடம் விளக்கம் சொல்வார். அந்த நேரத்தில் எனக்குச் சுவரைப் பார்ப்பதுதான் சௌகரியமாக இருக்கிறது. மூன்றாம் தொட்டிக்காரர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருநாள் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். தன் பெயரையும் சொன்னார். இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது.

அண்ணாச்சி குடும்பம் இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. குழந்தைகள் அழும் சத்தம் மட்டும் கேட்கிறது. நிறையக் குழந்தைகள்.

மாமியார் கூடையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் சாணம் கொண்டுவருகிறார். பூ கிடையாது, குங்குமம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் பரப்பி, தினமும் கிளறி, முழங்கை வரை கையை விட்டுப் பார்த்து, கடைசியில் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் அள்ளுகிறாராம். முதலில் மகளுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தோடு என்னிடம் வருவார். அவருக்கு மட்டும் கொட்டகை நீளுவதில்லை.

இந்த வெள்ளிக்கிழமையும் வந்தார். கூடையை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“தொட்டுப் பாருங்க மாப்ளே. ஆறியிருக்கா?”

“ஆறியிருக்கு அத்தை.”

“நல்லா ஆறியிருக்கா?”

“நல்லா ஆறியிருக்கு.”

அவர் என் மூலைகளிலெல்லாம் கையால் பரப்பினார். என் கழுத்துக்குக் கீழே கொஞ்சம் வைத்துத் தட்டிவிட்டார். கூடையை உதறினார். அவர் கிளம்புவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று, செண்பகம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“நல்லா வளந்திருக்கா மாப்ளே” என்றார்.

அவர் சாக்கை இழுத்து என்மேல் போட்டார். அது வயிறு வரைதான் எட்டியது. நான் ஒரு கை அள்ளிப் பிழிந்தேன். ஒரு சொட்டு வந்தது.